பதினேழாம் நம்பர் மனையின் கடல்

முத்தாபுதுப்பேட்டையின் கடைசித் தெருவில், கடைசிக்கு முந்தின காலி மனைக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு புரட்டாசி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறே காலுக்கு. அன்று ஆவடி மார்க்கெட்டில் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய். பட்டணத்துக் கடற்கரை அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். நடுவில் வில்லிவாக்கம் இருக்கிறது, அம்பத்தூர் இருக்கிறது, அண்ணனூரில் மின்சார ரயில்களைக் கழுவி நிறுத்தும் பணிமனை இருக்கிறது. இவற்றில் ஒரு செங்கல்லைக்கூட நனைக்காமல் கடல் நேரே வந்து, நாற்பதுக்கு அறுபது அளவுள்ள அந்த ஒரு கிரவுண்டில், நாலு எல்லைக் கல்லுக்குள்ளும் அடங்கி நின்றுகொண்டது. சுவர் கிடையாது, வரப்பு கிடையாது. அலை எல்லை வரைக்கும் வரும், தெருவில் நிற்கிற சைக்கிளின் டயரைத் தொடாமல் திரும்பிப் போகும். நண்டுகள்கூட கல்லைத் தாண்டவில்லை. ஜனங்கள் இரண்டு நாள் கூடி நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் விடுகிற நாள், அதனால் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த மனைக்கு உடையவன் உலகநாதன். அதை ஒட்டின மூலை மனையில் மாடி வீடு கட்டிக் குடியிருந்தவர் கஜபதி. இருவரும் சகலைகள். அக்கா லோகநாயகியைக் கட்டினவர் கஜபதி, தங்கச்சி ஷோபனாவைக் கட்டினவன் உலகநாதன். இருவருக்கும் ஆவடியில் ஒரே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் முதல் இலை, முதல் வெற்றிலை, தீபாவளிக்கு முதல் வேட்டி. அந்தக் கணக்கிலேயே, இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கினபோதும் மூத்தவர் கஜபதிக்குத்தான் முதல் விருப்பம் என்று ஆனது. மேடாக, மூலையாக, காற்றோட்டமாக இருந்ததைக் கஜபதி காட்டினார். அதில் நட்டிருந்த கல்லில் பதினேழு என்று எழுதியிருந்தது. பள்ளமாக, மழை பெய்தால் மார்கழி வரைக்கும் தவளை கத்துகிற பதினெட்டு, உலகநாதன் தலையில் விழுந்தது. உலகநாதன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதற்குத்தான் என்ன சொன்னான்! பள்ளத்தில் வீடு கட்ட முடியாமல், எதிர்த் தெருவில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மனையில் முள் வெட்டிவிட்டுப் போவான்.

கஜபதி அதுவரை யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டது இல்லை. நல்ல மனசு என்று சொல்ல வரவில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பதவி உயர்வு முதலில் அவருக்கு, ஸ்கூட்டர் முதலில் அவருக்கு, வீடும் முதலில் அவருக்கு. அதனால் ஐம்பத்தோரு வயதில் திடீரென்று பொறாமை வந்தபோது அவருடைய வயிற்றுக்கு அது பழக்கமில்லை. சகலையின் பள்ளத்தில் அலை அடிப்பதை மாடியிலிருந்து பார்த்த அன்றே வயிறு எரிய ஆரம்பித்தது. மோர் குடித்தார், வெந்தயம் முழுங்கினார், தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் கொடுத்த ரோஸ் கலர் மருந்தையும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சட்டையில் மூன்றாவது பட்டனுக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. லோகநாயகி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. அந்த மார்கழிக் குளிரில் தெருவே மாவு புளிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் மாவுப் பாத்திரத்தைத் தூங்குகிற புருஷனின் வயிற்றோடு அணைத்து வைத்துவிட்டுப் படுத்தாள். விடிந்தால் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

வயிறு எரிகிற மனுஷன் சும்மா இருப்பானா? கஜபதி திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் ஒரு மனு கொடுத்தார். பக்கத்து மனையில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கிரில் கேட் துருப்பிடிக்கிறது, நாற்றம் தாங்கவில்லை, அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார். துருவும் இல்லை, நாற்றமும் இல்லை. அந்தக் காற்றே எல்லைக் கல்லைத் தாண்டி அவர் பக்கம் வரவில்லை. வந்திருந்தால்தான் மனசு கொஞ்சம் ஆறியிருக்குமே. மனுவைச் சுகாதாரத்துக்கு அனுப்பினார்கள். உப்பு எங்களுடையது இல்லை என்று சுகாதாரம் பொதுப்பணிக்கு அனுப்பியது. ஏரிதான் எங்களுடையது, கடல் இல்லை என்று பொதுப்பணி மீன்வளத்துக்கு அனுப்பியது. மீன் பற்றி மனுவில் ஒரு வார்த்தையும் இல்லையே என்று மீன்வளம் திருப்பிவிட்டது. இப்படிப் பதினோரு மேசை இறங்கி ஏறி, கடைசியில் கடல் கவனிப்பு மையம் என்ற அரசு நிறுவனத்தில் கிருஷ்ணப்பிரியா என்கிற அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

கிருஷ்ணப்பிரியாவின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த மையத்திடம் ஒரு படகு இருந்தது. கண்காணிப்புப் படகு எண் மூன்று என்று பெயர். வெள்ளை உடம்பு, நீலப் பட்டை, முப்பத்தெட்டு அடி நீளம். தினம் நடுக்கடலுக்குப் போய்த் தண்ணீரின் உப்பு, சூடு, நிறம் எல்லாம் அளந்துகொண்டு வரும். புயல் எங்கே உருவாகிறது, மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியும். அப்பேர்ப்பட்ட படகுக்குக் கட்டி வைக்க இடம் இல்லை. ஒரு துறைமுகத்தில் கேட்டால் நிலக்கரிக் கப்பலுக்கே இடம் போதவில்லை என்றார்கள். இன்னொன்றில் மூன்று மாதம் கட்ட விட்டு, பெரிய கப்பல் வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். மீன்பிடித் துறையில் சங்கத்துக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "மீன் பிடிக்காத போட்டுக்கு இங்க இன்னா மேடம் வேலை?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒன்பது வருஷம் கிருஷ்ணப்பிரியா கடிதம் எழுதினாள். கோப்பு அவள் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. கஜபதியின் மனுவைப் படித்ததும் அவள் உப்பு அளக்கும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, பூந்தமல்லி வழியாக வந்து, சென்னீர்குப்பத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் டிராபிக்கில் நின்று, மத்தியானம் முத்தாபுதுப்பேட்டையில் இறங்கினாள். யாரோ ஒருவர் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காட்டின பக்கம் போனாள். கருவியைத் தண்ணீரில் விட்டாள், பார்த்தாள், மறுபடியும் விட்டாள்.

"சார், இது தேங்கின தண்ணி இல்ல. கடல்" என்று, மனு கொடுத்தவன் நான்தான் என்று வந்து நின்ற கஜபதியிடம் சொன்னாள். "ஓனர் யாரு?"

கஜபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதிர்த் தெருவைக் கையால் காட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். நாற்பது நாளில் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. படகை டிரெய்லரில் ஏற்றி ரோட்டு வழியாகக் கொண்டுவரலாமா என்று யோசித்தபோது, படகு ஓட்டுகிற உத்தமன் எதற்கு அந்தத் தொல்லை என்று சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்குத் துறைமுக வாயை விட்டுக் கிளம்பி, எட்டு இருபதுக்கு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து கயிற்றை வேப்பமரத்தில் கட்டினான். மனையின் நீளம் அறுபது அடிதான். ஆனால் படகு கிளம்பினால் அந்த அறுபது அடிக்குள்ளேயே சிறுத்துச் சிறுத்து, கைக்குழந்தை விளையாடுகிற சாமான் அளவுக்கு ஆகி, பின்பக்கத்து எல்லைக் கல்லுக்குச் சற்று இந்தப் புறம் மறைந்துபோகும். சாயங்காலம் அதே இடத்தில் புள்ளியாகத் தோன்றிப் பெரிசாகிக்கொண்டே வரும். இதைத் தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுக்குமாடி பிளாட்டில் குடியிருந்த ஐடி பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் வீடியோ எடுத்தார்கள்.

வாடகை பெரிய தொகை ஒன்றும் இல்லை. கஜபதியைக் கொன்றது வாடகை இல்லை, போர்டு. நீல நிறத்தில், அரசு முத்திரை போட்டு, 'கடல் கவனிப்பு மையம் – படகுத்துறை, உரிமையாளர்: திரு. உலகநாதன்' என்று வைத்துவிட்டார்கள். அரசாங்க ஜீப் வாரம் ஒரு தரம் வந்து அவன் மனை முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி அவனுக்கு வணக்கம் வைத்தான். பிள்ளைகள் அவனை ஹார்பர் மாமா என்று கூப்பிட்டார்கள். மாங்காய் பட்டாணி சுண்டல்காரர் ஒருத்தர் எங்கிருந்தோ வந்து தினம் சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூடையை இறக்கினார். ஒரு கல்யாணத்தில் மாமனார் வீட்டு ஜனம் உலகநாதனை முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்துவிட்டு, கஜபதியைப் பார்த்து, "அட நீயும் உக்காரு நைனா" என்றார்கள். அந்த 'நீயும்' அவரோடு வீட்டுக்கு வந்தது. அன்றைக்குப் பட்டு அங்கவஸ்திரம் ஓரம் கருகியது.

ஊரடங்கு வந்த வருஷம் எல்லா வண்டியும் நின்றது. அண்ணனூரில் ரயில்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. படகு மட்டும் தினம் போய் வந்தது. கடலுக்கு இ-பாஸ் கேட்க நடுவில் யாரும் இல்லை. லீவில் மாடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த கஜபதிக்கு ஒரு யோசனை வந்தது. கடல் அந்த மனைக்கு அடியில் இருந்தால் தன் மனைக்கு அடியிலும் இருக்க வேண்டும்தானே? ஊரடங்கு தளர்ந்ததும் போர் போடுகிற வண்டியைக் கூப்பிட்டார். நூற்றிருபது அடிக்குப் பேசியிருந்தார். முப்பத்திரண்டாவது அடியிலேயே தண்ணீர் பீறிட்டது. ஓடிப்போய் இரண்டு கையிலும் ஏந்தி வாயில் ஊற்றிக்கொண்டார். தித்திப்பு. முத்தாபுதுப்பேட்டையிலேயே அப்படி ஒரு தண்ணீர் கிடையாது, இளநீர் தோற்றுப்போகும். கஜபதி அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து போர்க்காரன் சூடம் ஏற்றினான்.

அன்று முதல் பிளாட்டுக்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் கேட்டில் வரிசை கட்டினார்கள். இப்படி ஒரு தண்ணீர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விட்டார்கள். உலகநாதனும் வரிசையில் நின்றான். அவன் மனையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தானே. "அண்ணாத்தே, நீ குட்த்து வச்சவன்" என்று அவன் சொன்னபோது, தன்னைக் கிண்டல் பண்ணுகிறான் என்றே கஜபதி நினைத்தார். அவன் நெஜமாகத்தான் சொன்னான். ஆனால் பொறாமைப்படுகிறவனுக்கு மற்றவன் முகம் தெரிவதில்லை, அவன் கையில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒரு நாள் உச்சி வெயிலில், உலகநாதன் டியூட்டியிலும் படகு கடலிலும் இருந்த நேரமாகப் பார்த்து, இரண்டு மனைக்கும் நடுவில் இருந்த எல்லைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி, ஒன்றரை அடி சகலையின் பக்கமாகத் தள்ளி நட்டார். ஒன்றரை அடிக் கடலாவது தன் பக்கம் வரட்டுமே என்று ஆசை. பேராசை இல்லை, ஒன்றரை அடிதான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அலை வந்தது. பழைய கல் இருந்த இடம் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்று மடிந்து திரும்பிப் போனது. புதுக் கல் முட்டி ஆழத் தண்ணீருக்குள் நின்றதே தவிர, கஜபதியின் பக்கத்து மண் ஒரு விரற்கடைகூட நனையவில்லை. ஒரு நண்டு நடந்து வந்து, கல்லே இல்லாத அந்தப் பழைய எல்லையில் திரும்பி, தன் வழியே போனது. நண்டுக்குத் தெரிந்த சர்வே எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு கஜபதி கடப்பாரையைக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து மையம் அங்கே நிரந்தரமாக ஒரு கான்கிரீட் துறை கட்ட முடிவு செய்தது. அரசாங்கப் பணத்தில் கட்டுவதென்றால் மனையை அளந்து, வில்லங்கம் பார்த்து, உரிமையாளர் யார் என்று சுத்தமாக எழுத வேண்டும். தாலுகாவிலிருந்து சர்வேயர் எத்திராஜ் வந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது, அதனால் எதற்கும் அவசரப்படாத மனுஷர். டேப்பைப் பிடித்தார். நடுக்கல் ஒன்றரை அடி தள்ளி, தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்தார்.

"கல்லு நகர்ந்துகீதே, யார்ப்பா நகத்தினது?" என்றார்.

கஜபதி வானத்தைப் பார்த்தார். உலகநாதன், "மழையில நகந்திருக்கும் சார்" என்றான். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நடுக்கல்லை நம்ப முடியாததால் எத்திராஜ் தெருவின் முதல் கல்லிலிருந்து ஆரம்பித்து, பழைய லேஅவுட் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மனையாக அளந்துகொண்டே வந்தார். கடைசி இரண்டு மனைகளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார். பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு கஜபதியின் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் போர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். வரைபடத்தின்படி பதினேழு என்பது பள்ளம், பதினெட்டு என்பது மேடு. கல் நட்டவன் அந்தக் காலத்தில் இரண்டு நம்பரையும் மாற்றி நட்டுவிட்டான். கஜபதி காட்டினது மேடு, எழுதி வாங்கினது பதினேழு. பத்திரத்தை வைத்துப் பார்த்தால் கஜபதிக்குச் சொந்தமானது பள்ளம்தான்.

"அப்டின்னா?" என்றார் கஜபதி.

"அப்டின்னா, கடல் ஒன்னுது. நீ குடியிருக்கிற எடம் ஒன் சகலையிது. அடுத்தவன் மனையில ஊடு கட்டிகினு கீறே."

புறநகரில் இது நடக்காத தவறு இல்லை. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் எத்தனையோ பேர் கல்லை நம்பி வீடு கட்டிவிட்டு, மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்கப் போகும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் கஜபதிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கடல் ஒன்னுது என்ற இரண்டு வார்த்தைதான் விழுந்தது. ஐந்து வருஷமாகக் கடல் சகலையிடம் வந்திருக்கிறது என்று வெந்து செத்தாரே, அது முதல் நாளிலிருந்தே அவர் பெயரைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது! வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. உலகநாதன், வேப்பமரத்தடியில் மையம் போட்டிருந்த படகுத்துறைக் கொட்டகையின் சாவியை மடியிலிருந்து எடுத்து அண்ணாத்தேயின் கையில் வைத்துவிட்டு, நீல போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, எதிர்த் தெருவுக்கு நடந்து போனான்.

கஜபதி ஒரு வாரம் கடலுக்குச் சொந்தக்காரராக இருந்தார். அந்த ஏழு நாளைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அவர் பேசமாட்டார், சிரிப்பார். காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் ஈர மணலில் போட்டு, காலை நீட்டி உட்காருவார். முதல் முறையாக அந்தக் காற்று அவர் மேல் அடித்தது. அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போகும்போதெல்லாம், வா வா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். மூன்றாவது பட்டன் வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் படகு வரவில்லை. உரிமையாளர் யார் என்பது முடிவாகிற வரைக்கும் கட்டக்கூடாது என்று தணிக்கைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். உத்தமன் படகை அந்த அறுபது அடியின் கோடியில், தீப்பெட்டி அளவில் நங்கூரம் போட்டு நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். எட்டாம் நாள் கிருஷ்ணப்பிரியா இடுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்ட கோப்போடு வந்தாள். பதினைந்து நாள் கெடு, அதற்குள் இரண்டு பேரும் பேசி ஒரு பத்திரம் போட வேண்டும், இல்லையென்றால் படகை மறுபடியும் நிலக்கரிக் கப்பல்களுக்கு நடுவில்தான் விட வேண்டும், ஒன்பது வருஷம் சார் என்று கோப்பைத் தட்டிக் காட்டினாள்.

வழிகள் இரண்டே இரண்டு. பத்திரப்படி கஜபதி கடலை எடுத்துக்கொண்டு வீட்டை உலகநாதனுக்கு விடலாம். அல்லது பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு, அவரவர் அனுபவிப்பதை அவரவர் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கஜபதி தன் கையாலேயே கடலைச் சகலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கஜபதி முதல் வழியைத்தான் சொன்னார். நெஜமாகவே சொன்னார். கொட்டகையிலேயே குடியிருந்துகொள்ளலாம், தகரம் போட்ட கொட்டகைதான் ஆனாலும் காற்று வருகிறது என்றார்.

லோகநாயகி அரிந்துகொண்டிருந்த கத்திரிக்காயைக் கீழே வைத்தாள். "யோவ், கேட்டுக்கோ. இந்த ஊட்டு சொவர் ஒவ்வொண்ணுக்கும் நான் தண்ணி ஊத்துனவ. இருவத்தோரு நாளு, ரெண்டு வேளை, இடுப்புல குடம். என் தங்கச்சி வந்து இதுல சாவி போட்டுத் தொறக்கறத பாக்க என்னால முடியாது. எனக்கும் வயிறு கீது. ஒனக்கு மட்டுந்தான் எரியும்னு நெனச்சுகினியா?"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பேசி கஜபதி கேட்டதில்லை. மறுநாள் ஷோபனாவே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஊடு வேணாங்கா, அந்தப் பாவத்த நான் கட்டிக்கமாட்டேன்" என்றாள். அவள் கண் மட்டும் ஒரு நிமிஷம் ஹாலின் தரையைச் சுற்றி வந்ததை லோகநாயகி பார்த்தாள்.

கார்த்திகை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரம் பதிவானது. பதினேழு உலகநாதனுக்கு, பதினெட்டு கஜபதிக்கு. விரல் ரேகை வைக்கச் சொன்னபோது கஜபதியின் பெருவிரல் கருவியில் பதியவில்லை, இரண்டு தரம் ஈரம் துடைக்க வேண்டியிருந்தது. ஏழு நாள் கடலில் ஊறின விரல். மூன்றாம் தரம் பதிந்தது. வெளியே வந்து, பத்திரத்தைச் சகலையின் கையில் கொடுத்து, "வச்சிக்கோ" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம் தேவைப்படும் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போய், கடல் இருக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு, சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். வயிறு மறுபடியும் சூடேறத் தொடங்கியிருந்தது. லோகநாயகி வழக்கம்போல மாவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு உலகநாதனின் மனையில் கடல் இல்லை. ஈர மணலும், நாலைந்து சங்கும், தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்ட அந்த ஒன்றரை அடி நகர்ந்த கல்லும்தான் இருந்தன. கடல் கஜபதியின் வீட்டில் இருந்தது. தரைத்தளம் முழுக்க, ஜன்னல் கட்டை உயரத்துக்கு, ஹால், சமையல்கட்டு, சாமி அறை, கார் நிறுத்துகிற இடம் எல்லாம் சேர்த்து, பதினெட்டாம் நம்பர் மனையின் நாலு எல்லைக்குள் சுத்தமாக அடங்கி நின்றது. சோபா ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கஜபதி மாடிப்படியில் இறங்கி வந்து, தண்ணீர் தொட்ட ஏழாவது படியில் நின்று பார்த்தார். பின்னால் வந்த லோகநாயகியும் பார்த்தாள். அது மனையைப் பார்த்து வரவில்லை, பெயரைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் சொல்லாமலே புரிந்தது.

"காஸ் அடுப்ப மேல ஏத்துய்யா" என்றாள் அவள். "சாமி படத்தையும்."

சாமான்களை மேலே ஏற்ற அரை நாள் ஆனது. சாயங்காலம் ஹாலின் பின்சுவர்ப் பக்கம் தீப்பெட்டி அளவில் படகு தெரிந்தது. உத்தமன் நிதானமாக ஓட்டி வந்து, முப்பத்தெட்டு அடிப் படகு ஹாலில் இடிக்கும் என்பதால் கொஞ்சம் தூரத்திலேயே, கட்டில் அளவுக்குப் பெரிசானதும் நிறுத்தி, கயிற்றை எறிந்தான். கஜபதி அதைப் பிடித்து மாடிப்படிக் கைப்பிடியில் கட்டினார். முடிச்சு போடத் தெரியவில்லை, உத்தமன் சொல்லிக் கொடுத்தான். திங்கட்கிழமை கிருஷ்ணப்பிரியா வந்து, புடவையை வரிந்து செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கருவியைச் சாமி அறையில் விட்டு உப்பு அளந்தாள். அதே உப்பு. 'மனை எண் 17 என்று உள்ள இடங்களில் எல்லாம் 18 எனத் திருத்தி வாசிக்கவும்' என்று ஒரே ஒரு வரியில் கோப்பை முடித்தாள். கான்கிரீட் துறை தேவைப்படவில்லை, மாடிப்படியே போதும் என்று குறிப்பு எழுதினாள். நீல போர்டில் பெயரை மட்டும் அழித்து எழுதினார்கள். நடுக்கடலில் நின்றுகொண்டிருந்த போர் பம்பில் தண்ணீர் தித்திப்பாகவே வந்தது, வரிசையும் குறையவில்லை. கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள்.

உலகநாதன் ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம், படகு திரும்புகிற நேரத்துக்கு வந்து, காய்ந்த தன் மனையில், வேப்பமரத்தடியில் நின்றான். சுண்டல்காரர் இப்போது கஜபதியின் கேட் பக்கம் உட்கார்ந்திருந்தார். படகு ஹாலுக்குள் பெரிசாவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றவனின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. கஜபதி படிக்கட்டில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். சகலையின் சட்டையில் மூன்றாவது பட்டனுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு வட்டம். அதை அவருக்கு அடையாளம் காட்ட யாரும் வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"மோர் குடி சகலை" என்றார் கடைசியில். "ஒண்ணும் கேக்காது. இருந்தாலும் குடி."

உலகநாதன் தலையை ஆட்டிவிட்டு எதிர்த் தெருவுக்குப் போனான்.

அதற்குள் மார்கழி பிறந்திருந்தது. லோகநாயகியின் மாவு மூன்று நாளாகப் புளிக்கவில்லை. கஜபதியின் வயிறு கடல் வந்த அன்றைக்கே பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்துபோயிருந்தது. நாலாம் நாள் அவள் மாவைக் கரைத்து, பாத்திரத்தை மூடி, மேலே துணியைக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கேட்டைத் தாண்டி, தங்கச்சி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஷோபனா எதுவும் கேட்காமல் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த புருஷனின் வயிற்றோடு அணைத்து வைத்தாள். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் அதில்தான் இட்லி.